வெயில் தின்னும் டாஷ்போர்டு

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், டில்லி, போபால், நாகபுரி முதலிய நகரங்களில் உத்தியோகத்தின் பொருட்டு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ஊருக்குப் புறப்பட்டு விடுகின்றன. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ இடம் பிடித்தாயிற்று. வீட்டுச் சாவி அண்டை வீட்டாரிடம். துளசிச் செடிக்கு நீர் வார்க்க ஒருவர். பாலும் பத்திரிகையும் நிறுத்தியாயிற்று. இவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டு, குடியிருப்பின் முற்றத்தில் திறந்த வெளியில் நிற்கும் மோட்டார் காரை மட்டும் அப்படியே விட்டுச் செல்கிறோம். ஆண்டின் மிகக் கொடிய வெயிலை அது தனியே நின்று தாங்குகிறது. ஜூலையில் திரும்பி வந்து கதவைத் திறந்தால், டாஷ்போர்டில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவோம். இன்னும் இரண்டு கோடை சென்றால் அதில் விரல் நுழையும்.

இதை வெறும் அழகைப் பற்றிய விஷயம் என்று எண்ணுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. இக்காலத்துக் கார்களில் அந்தப் பலகைக்குப் பின்னே காற்றுப்பை அமர்ந்திருக்கிறது. அந்தப் பலகையின் பளபளப்பு முன் கண்ணாடியில் எதிரொளித்துப் பாதையை மறைக்கிறது. அதிலிருந்து எழும் ஆவி அதே கண்ணாடியில் படிந்து இரவில் கண்ணைக் கூசச் செய்கிறது. ஆகவே அதைப் பழுது பார்ப்பதிலும் காப்பாற்றுவதிலும் பணம் மட்டுமின்றி உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

டாஷ்போர்டு என்ற சொல் மோட்டார் பிறப்பதற்கு முற்பட்டது. குதிரை வண்டியில் குதிரைகளின் குளம்படி வாரி இறைக்கும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காதிருக்க முன்புறம் நிறுத்திய பலகைக்கே அப்பெயர். மோட்டார் வந்ததும் பலகை தங்கிவிட்டது, பெயரும் தங்கிவிட்டது. பழைய கார்களில் அது பெரும்பாலும் வர்ணம் பூசிய தகடாகவே இருந்தது. அந்தத் தகட்டை வெயில் சுட்டதேயன்றிப் பிளக்கவில்லை. விபத்தில் தலை மோதினால் காயம் குறைய வேண்டும் என்ற நோக்கத்தோடு பின்னர் மெத்தை வைத்த டாஷ்போர்டுகள் வந்தன. அடியில் கெட்டியான பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் நுரைப் பஞ்சு, அதற்கும் மேல் தோல் போலத் தோன்றும் வினைல் போர்வை. இந்தப் போர்வைதான் வெயிலுக்கு முதலில் இரையாவது.

வினைல் இயல்பில் கடினமான பொருள். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பி.வி.சி. குழாயும் அதே இனந்தான். அதைத் தோல் போல வளையச் செய்வதற்காக உற்பத்தியின்போது ஒருவகை எண்ணெய்த் திரவத்தைக் கலக்கிறார்கள். மென்மை தருவது அந்தத் திரவமே. அது வினைலோடு ரசாயன முறையில் பிணைந்துவிடுவதில்லை. இடுக்குகளில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. சூடேறும்போது சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுகிறது. புதிய காரின் முன் கண்ணாடியில் உட்புறமாக மங்கிய எண்ணெய்ப் படலம் ஒன்று படிகிறதே, அதில் பெரும்பங்கு டாஷ்போர்டு இழந்த மென்மைதான். திரவம் போகப் போகப் போர்வை சுருங்குகிறது. நீர் வற்றிய வயல் எப்படி வெடிக்கிறதோ அப்படியே இதுவும் வெடிக்கிறது. போர்வையும் நுரையும் சட்டமும் பகலில் வெவ்வேறு அளவில் விரிந்து, இரவில் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், அந்த இழுபறியில் பலவீனமான இடம் முதலில் விட்டுக்கொடுக்கிறது. குளிர்காற்று வரும் துவாரங்களின் மூலைகள், ஒலிபெருக்கியின் விளிம்பு, திருகாணித் துளைகள் ஆகிய இடங்களில் கீறல் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

வெயில் என்றவுடன் புற ஊதாக் கதிர்களையே எல்லோரும் குற்றஞ்சாட்டுகிறார்கள். பாதி நியாயந்தான். காரின் முன் கண்ணாடி தனிக் கண்ணாடியன்று. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. அந்தத் தாள் புற ஊதாக் கதிர்களில் மிகப் பெரும் பகுதியைத் தடுத்து விடுகிறது. பக்கக் கண்ணாடிகள் சாதாரணமாக அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் வழியே கணிசமான பகுதி உள்ளே வருகிறது. ஆயினும் டாஷ்போர்டு முன் கண்ணாடியின் அடியிலேயே விரிந்து கிடப்பதால், அதற்கு முதல் பகைவன் உஷ்ணமே என்று நாம் கருதுகிறோம். கடையில் விற்கும் குப்பிகள் புற ஊதாத் தடுப்பு என்று பெருமை பேசுகின்றன. அவை முன் கண்ணாடி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு இரண்டாவது ஆளை அமர்த்துவன போன்றவை. உஷ்ணத்தை அவை தொடுவதில்லை.

உஷ்ணம் எவ்வளவு என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் பிறரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட கோடை நாட்களில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்தார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரி 69 டிகிரி. நிழலில் நின்றவற்றின் டாஷ்போர்டு 48 டிகிரி. உள்ளிருக்கும் காற்றைப் பார்த்தால் வித்தியாசம் 47-க்கும் 38-க்கும் இடையே ஒன்பது டிகிரிதான். டாஷ்போர்டிலோ இருபத்தொன்று. நிழலின் பயனைக் காரின் மற்ற எந்த உறுப்பைக் காட்டிலும் டாஷ்போர்டே அதிகமாக அடைகிறது என்பது இதனால் விளங்கும். அந்த ஆய்வு டாஷ்போர்டுக்காக நடத்தப்பட்டதன்று. காரினுள் விடப்பட்ட குழந்தைகள் உஷ்ணத்தால் இறப்பதை முன்னிட்டு நடத்தப்பட்டது. நிழலில் நிறுத்திய காரும் குழந்தைக்குப் பாதுகாப்பான இடமன்று என்பது அதன் முடிவு. கடைக்குள் ஒரு நிமிடம் போய் வருகிறோம் என்று பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டும் பழக்கம் நம்மவரிடையே முற்றும் ஒழியவில்லையாதலால் இதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

பழுது பார்க்கத் தொடங்குமுன் நம்முடைய டாஷ்போர்டு எவ்வினம் என்பதை அறிய வேண்டும். விரலால் அழுத்தினால் சற்றே அமிழ்ந்து எழுவது வினைல் போர்வை போர்த்தது. அழுத்தத்துக்கு அசையாமல், நகத்தால் தட்டினால் டொக்கென்று ஒலிப்பது கெட்டிப் பிளாஸ்டிக். விலை குறைந்த சிறிய கார்களில் இரண்டாவது வகையே மிகுதி. அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். அது எளிதில் பிளப்பதில்லை; வெளுத்து, சாம்பல் பூத்தது போலாகிறது; கொக்கிகள் நொறுங்குகின்றன; மேடுபள்ளமான சாலையில் கடகடவென்று சத்தமிடுகிறது.

இரண்டிற்கும் முதல் சிகிச்சை ஒன்றே. வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மெல்லிய துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். ராஜஸ்தானத்துப் புழுதி டில்லி வரை வந்து படியும் நாட்களில் உலர்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமானம். ஆயுத பூஜை முடிந்து காருக்குச் சந்தனமும் குங்குமமும் இடும்போது, அவற்றை டாஷ்போர்டின் மேல் இடாமல் வெளித் தகட்டில் இட்டால் நலம். மஞ்சள் கறை வெயிலில் தானே மங்கிவிடும். குங்குமச் சாயம் அவ்வாறு எளிதில் போவதில்லை.

இனி, எதைப் பூசக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தின்னரும் அழுக்கை எடுப்பது மெய். கூடவே மேற்பரப்பையும் எடுத்துவிடும். தேங்காயெண்ணெய் தடவினால் உலர்ந்த பலகை மீண்டும் கறுத்து உயிர் பெற்றது போலத் தோன்றும். வீட்டில் எப்போதும் இருக்கும் பொருளாகையால் நம்மவர் கை முதலில் அங்கேதான் போகிறது. அது வினைல் இழந்த திரவத்தைத் திருப்பித் தருவதில்லை. மேலே தங்கிப் புழுதியைப் பிடித்து, நாளடைவில் காறிப் பிசுபிசுக்கும். டில்லியின் ஜனவரிக் குளிரில் வெள்ளையாக உறைந்தும் நிற்கும்.

பளபளப்பு எண்ணெய்கள் இன்னொரு விதம். காரைக் கழுவும் கடைகளில் கடைசியாக ஒரு சிலிக்கோன் பூச்சைத் தடவிக் கண்ணாடி போல மின்னச் செய்து, அதற்கொரு தொகையும் வாங்குகிறார்கள். மின்னுவதை நாம் புதுமை என்று எண்ணிவிடுகிறோம். புதிய டாஷ்போர்டு மின்னுவதில்லை. அதை மங்கலாகவும் கறுப்பாகவும் செய்வதே முன் கண்ணாடியில் அதன் நிழலுருவம் தெரியாதிருக்கத்தான். மின்னும் பலகை மாலை நேரத்து எதிர்வெயிலில் கண்ணாடி முழுதும் வெண்திரை விரிக்கிறது. அதற்கப்பால் சாலையைக் கடக்கும் மனிதர் தெரிவதில்லை. தவிர, சிலிக்கோன் ஏறிய பரப்பில் பின்னர் வர்ணம் பூசினால் வர்ணம் பிடிக்காமல் குழிகுழியாக விலகி நிற்கும். பூசித்தான் ஆக வேண்டுமென்றால், நீரில் கரைந்த, மங்கிய முடிவு தரும் பூச்சை மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடலாம்.

கீறலை அடைக்கும் வேலைக்கு வருவோம். மெத்தைப் பலகையில் விழுந்த பிளவின் உதடுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அவற்றின் மேல் பட்டி வைத்து அடைப்பதே பலரும் செய்வது. தகட்டு வேலைக்கு டிங்கரிங் கடையில் உபயோகிக்கும் பட்டி உலர்ந்தால் கல்லாகும். அடியில் நுரை அசைய, மேலே கல் அசையாதிருக்க, முதல் கோடையிலேயே பட்டியின் இரு கரையிலும் இரண்டு புதிய பிளவுகள் தோன்றும். வினைலுக்கென்றே விற்கும், உலர்ந்த பின்னும் ரப்பர் போல வளையும் நிரப்புப் பசையையே கேட்டு வாங்க வேண்டும். சுருண்ட உதடுகளைக் கூரிய பிளேடால் சீவி, ஓரங்களைச் சரிவாக்கி, பிளவு ஓடி நிற்கும் நுனியை வட்டமாக வெட்டிவிட வேண்டும். கூர்நுனி மேலும் ஓடும். வட்ட நுனி நின்றுவிடும். பசையை ஒரேயடியாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் அடுத்ததை இட வேண்டும். பிறகு 180 இலக்க உப்புத்தாளும் தொடர்ந்து 320 இலக்கமும் கொண்டு தேய்த்து, அக்கம்பக்கத்துப் பரப்போடு சமமாக்க வேண்டும். தோலின் சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவருவதே கடினமான பகுதி. அதற்கான தெளிப்பான்கள் உண்டு. கைதேர்ந்தவர்கள் மாதிரித் தாளை ஈரப் பசைமேல் அழுத்தியும் எடுப்பார்கள். கடைசியில் வினைலுக்குரிய மங்கல் வர்ணம். பழுது பார்த்த இடம் கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். தெரியாதபடி செய்து தருவதாகச் சொல்லுகிறவரிடம், அவர் ஓராண்டுக்கு முன் செய்த வேலையைக் காட்டும்படி கேட்பது நல்லது.

இவ்வேலைக்கு மே மாதம் உகந்ததன்று; பசை கையிலேயே உலரும். மழைக்காலத்தில் உலராது. வடக்கே பிப்ரவரியும் அக்டோபரும் ஏற்ற மாதங்கள். நிழலில், கதவுகள் நான்கையும் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கெட்டிப் பிளாஸ்டிக் உடைந்தால், அந்த உறுப்பைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். இன்ன பிளாஸ்டிக் என்று அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துக்கள் வார்த்திருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் அதற்கேற்ற பசை அதனைச் சற்றே கரைத்து நன்கு ஒட்டும். பி.பி. என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் நிலைக்காது. சூடேற்றி உருக்கிப் பற்றவைப்பவரிடம் கொடுக்க வேண்டும். கடகட சத்தத்துக்கு, பொருந்தும் ஓரங்களில் கம்பளித் துணிப் பட்டை ஒட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

எந்தப் பழுது வேலையும் செய்யக் கூடாத இடம் ஒன்று உண்டு. முன் பயணிக்கு எதிரே, டாஷ்போர்டில் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று பொறித்திருக்கும் பகுதி அது. நம் நாட்டில் புதிய கார்களுக்கு ஓட்டுவோர் பக்கத்துக் காற்றுப்பை 2019 ஜூலை முதலும், முன் பயணி பக்கத்துக் காற்றுப்பை 2021 முதலும் கட்டாயமாயின. ஆகவே சமீப ஆண்டுகளில் வாங்கிய கார் ஒவ்வொன்றிலும் இப்பகுதி உண்டு. பழையவற்றிலும் பலவற்றில் உண்டு. மோதல் நேர்ந்தால் அங்குள்ள மூடி ஒரு குறித்த கோட்டில் கிழிந்து, இமை மூடித் திறப்பதற்குள் பை வெளிவந்து விரிந்தாக வேண்டும். அந்தக் கோட்டைப் பல கார்களில் மேலிருந்து காண முடியாது. போர்வையின் அடிப்புறத்தில் மெலிதாக்கி வைத்திருப்பார்கள். அதன்மேல் பசை நிரப்பினாலும், தடித்த வர்ணம் ஏற்றினாலும், ரெக்சின் இழுத்து ஒட்டினாலும், முழு டாஷ்போர்டையும் மூடும் பிளாஸ்டிக் ஓட்டை மாட்டினாலும், பை தாமதமாக விரியலாம், கோணி விரியலாம், மூடிய பொருளே துண்டாகிப் பயணியின் முகத்தில் பாயலாம். அங்கே வைத்திருக்கும் பிள்ளையார் சிலைக்கும் இது பொருந்தும். பக்தியில் குறை வராது. விக்கிரகத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்யலாம். அப்பகுதியிலேயே பிளவு விழுந்துவிட்டால், அந்தக் காரைச் செய்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் உறுப்பை மாற்றுவதே வழி.

மாற்றும் செலவு பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. முழு டாஷ்போர்டையும் எடுக்க வேண்டுமானால் ஸ்டியரிங்கும் மின்கம்பிக் கட்டும் குளிர்காற்றுக் குழாய்களும் கழல வேண்டும். அதனால் டில்லி மாயாபுரியிலும், கல்கத்தா மல்லிக் பஜாரிலும், ஊருக்குப் போகும்போது சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய டாஷ்போர்டு தேடுவோர் உண்டு. தேடுவதில் தவறில்லை. ஆனால் மாயாபுரியில் கிடைக்கும் பலகையும் அதே டில்லி வெயிலைத் தின்றதுதான். மூலைகளை விரலால் தடவிப் பார்த்து, போர்வை இன்னும் அமிழ்கிறதா என்று சோதித்து வாங்க வேண்டும். பழைய காற்றுப்பையை மட்டும் எந்த விலைக்கும் வாங்கலாகாது.

காப்பாற்றும் வழிகள் பழுது பார்ப்பதைவிட மலிவானவை. காரை எத்திசை நோக்கி நிறுத்துவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. டில்லியில் சூரியன் ஆண்டு முழுதும் நண்பகலில் தெற்கே சாய்ந்தே நிற்கிறது. குளிர்காலத்தில் வெகுவாகத் தாழ்ந்து, தெற்கு நோக்கிய முன் கண்ணாடிக்குள் நேரே புகுகிறது. ஆகவே அங்கே வடக்கு நோக்கி நிறுத்துவது நல்ல வழக்கம். ஜூன் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்பதால் திசையால் பெரிய பயன் இல்லை. சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கிறது. டில்லிப் பழக்கத்தை ஜூன் மாதத்துச் சென்னைக்குக் கொண்டுபோனால் டாஷ்போர்டை நாமே வெயிலுக்குக் காட்டியவர்களாவோம்.

கூரையுள்ள இடம் கிடையாதென்றால், முன் கண்ணாடியின் உட்புறம் வெள்ளிநிறத் தாள் மடிப்பு ஒன்றை, மின்னும் பக்கம் வெளியே இருக்கும்படி, இடைவெளியின்றி நிறுத்த வேண்டும். அதுவும் இல்லையென்றால் பழைய வெள்ளை வேட்டியை நான்காக மடித்து டாஷ்போர்டின் மேல் விரிக்கலாம். காரை எடுக்குமுன் மறவாமல் நீக்கிவிட வேண்டும், வெண்துணியும் கண்ணாடியில் எதிரொளிக்கும். பக்கக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவிகித ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவிகித ஒளியையும் உள்ளே விட வேண்டும். தாள் ஒட்டுவதையே உச்ச நீதிமன்றம் 2012-இல் தடுத்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. அளவுக்குட்பட்ட தாளுக்குத் தண்டம் விதிக்கலாகாதென்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. எனினும் மாநில எல்லைகளைத் தாண்டிச் செல்லும் நம் போன்றோர் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தீர்ப்பை எடுத்துரைத்துக்கொண்டிருக்க முடியாது. நிறுத்தியிருக்கும்போது மாட்டி, ஓட்டும்போது எடுத்துவிடும் திரையே தொல்லையற்றது.

ஊருக்குப் புறப்படும் நாளில் டாஷ்போர்டை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, அதன்மேல் இருக்கும் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டை சூட்டில் இளகித் தடம் விடும். பொருள் மறைத்த இடம் மட்டும் வெளுக்காமல் நின்று பின்னர் கறை போலத் தோன்றும். சிகரெட் லைட்டர், வாசனைத் தெளிப்பான், கைகழுவும் சாராயக் குப்பி ஆகியவற்றை உள்ளே வைத்துப் பூட்டலாகாது. திரையை நிறுத்தி, ஜன்னல்களை ஏற்றி, முடிந்தால் நூல் துணியாலான உறையைப் போர்த்திச் செல்லலாம். திரும்பி வந்ததும் முதல் வேலையாக முன் கண்ணாடியின் உட்புறத்தை நன்றாகத் துடைக்க வேண்டும். மூடிய காரில் அத்தனை நாள் எழுந்த ஆவி அங்கேதான் படிந்திருக்கும். பகலில் அது தெரியாது. முதல் இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு வெளிச்சத்தில்தான் தெரியும்.